பிறந்து இரண்டு நாளாகியும் குழந்தை மலம் கழிக்கவில்லை. ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோயா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

நிறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை தார் போன்ற கரும்பச்சை முதல் மலத்தை 24 மணி நேரத்துக்குள் கழித்துவிடும். 48 மணி நேரம் தாண்டியும் வராமல் வயிறும் உப்பினால் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். சுமார் 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாததால் அந்த இடம் தளராமல் இறுகியே கிடக்கும். அதற்கு மேலே மலம் தேங்கும்.

டாக்டர் ஆசனவாயில் விரல் விட்டு எடுத்ததும் காற்றும் மலமும் பீய்ச்சியடித்தால் அது முக்கியமான துப்பு. அப்புறம் எனிமாவாகச் சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். கீழே குறுகி, மேலே புனல் போல விரிந்து தெரியும். ஆனால் பிறந்த சில நாட்களில் இந்தப் படம் சரியாக இருப்பது போலவே தோன்றலாம். அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

உறுதி செய்வது பயாப்ஸிதான். மலக்குடலின் உட்சுவரிலிருந்து சின்னத் துணுக்கை உறிஞ்சி எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் நரம்பணுக்களைத் தேடுவார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்; அந்த இடத்தில் ஊசி குத்துவது போன்ற வலி தெரியாது, பச்சிளங்குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்தே தேவைப்படாது.

பச்சையாக வாந்தி எடுத்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.