வெள்ளரியும் வெள்ளைக் குதிரைகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாஃபோ பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். பழைய கிரேக்கத்தில் பெண் கவி என்றாலே எல்லோரும் அவரைத்தான் சொல்கிறார்கள். வேறு யாருமே எழுதவில்லையா? எழுதியிருந்தால் அந்தக் கவிதைகள் எங்கே போயின?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

எழுதினார்கள். கலைத்தேவியர் ஒன்பது பேர் என்றால் மண்ணிலும் ஒன்பது பெண்கள் உண்டு என்று பழைய கிரேக்கக் கவியான தெசலோனிக்காவின் ஆன்டிபேட்டர் ஒரு சிறு கவிதையில் பெயர்களை அடுக்குகிறார்: பிராக்ஸில்லா, மொய்ரோ, அனிட்டே, சாஃபோ, எரின்னா, டெலிசில்லா, கொரின்னா, நோசிஸ், மிர்ட்டிஸ்.

அன்று எழுதப் பயன்பட்ட பாப்பிரஸ் என்ற நாணல் தாள் மட்கும். யாராவது திரும்பத் திரும்பப் படியெடுத்தால்தான் கவிதை பிழைக்கும். படியெடுப்பது நின்றால் அத்தோடு போயிற்று. பிராக்ஸில்லாவின் சில வரிகளைக் காப்பாற்றியது கேலி. அவர் கவிதையில், இறந்து பாதாளத்துக்கு வந்த அடோனிஸிடம் (கிரேக்கப் புராணத்து அழகிய இளைஞன்), மேலே விட்டு வந்ததில் எது அழகு என்று கேட்கிறார்கள். சூரிய ஒளி, விண்மீன்கள், நிலா என்று தொடங்கியவன், பழுத்த வெள்ளரி, ஆப்பிள், பேரிக்காய் என்று முடிக்கிறான். சூரியனோடு வெள்ளரியா என்று சிரித்து, ‘பிராக்ஸில்லாவின் அடோனிஸைவிட மடையன்’ என்று பழமொழியே ஆக்கிவிட்டார்கள். பழமொழிக்கு விளக்கம் எழுதியவர்களால் வரிகள் தங்கின. எனக்கு அந்த வெள்ளரியில்தான் கவிதையின் உயிரே இருக்கிறது.

எரின்னாவைக் காப்பாற்றியது எகிப்தின் மணல். கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவர் 19 வயதில் இறந்தார் என்பது மரபு. தாய்க்கு அஞ்சிக் கம்பளி நூற்றபடியே கவி செய்தார் என்கிறது ஒரு பழைய பாட்டு. அவருடைய 300 வரிக் கவிதையிலிருந்து 50-க்குச் சற்று மேற்பட்ட வரிகள், கிழிசலாக, 1928-இல் எகிப்தின் பழைய நகரான ஆக்ஸிரிங்கஸில் கிடைத்தன.

மணமான சில நாளில் இறந்த தோழி பௌகிஸுக்கான புலம்பல் அது. சிறுமிகளின் ஆமை விளையாட்டில் தொடங்குகிறது. நடுவில் ஒருத்தி ஆமையாக உட்கார, சுற்றி ஓடுகிறவர்கள் கேட்பார்கள்: “உன் பிள்ளை எப்படிச் செத்தான்?” “வெள்ளைக் குதிரைகளிலிருந்து கடலில் குதித்தான்!” எரின்னாவின் கவிதையில் அந்தக் குதிரைகளிலிருந்து குதிப்பவள் பௌகிஸ். விளையாட்டில் சொன்ன சாவு நிஜமாகிவிட்டது. அடுத்து அவர்களுடைய பொம்மைகள் வருகின்றன, மோர்மோ என்ற பூச்சாண்டி பெரிய காதுகளோடு நாலு காலில் வருகிறது. கணவன் வீடு போனதும் அம்மா சொன்னதையெல்லாம் மறந்துவிட்டாயே என்கிறார் தோழியிடம்.

பிறகு, வீட்டைவிட்டு வெளியே வந்து உன் உடலைப் பார்க்கவோ, கூந்தலை விரித்து அழவோ எனக்கு வழியில்லை என்கிறார்.