அந்த அலமாரியைத் திறந்துவிடுங்கள், டீச்சர்

கேள்வி (2021 நவம்பர்): தஞ்சாவூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை நான். என்னையும் சேர்த்து ஆறு ஆசிரியர்கள் இருந்தோம், இப்போது ஐந்து. நாலாம் வகுப்பு டீச்சர் மே மாதம் கொரோனாவில் போய்விட்டார். ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு கொடுக்க நான்தான் அவரைப் பள்ளிக்குக் கூப்பிட்டேன். பத்து நாளில் காய்ச்சல். ஆசிரியர் அறையில் அவருடைய கண்ணாடிக் கதவு அலமாரி இன்னும் பூட்டியே கிடக்கிறது. 2020 மார்ச்சில் பிள்ளைகளிடமிருந்து அவர் திருத்த வாங்கி வைத்த கட்டுரை நோட்டுகள் உள்ளே தெரிகின்றன.

நவம்பர் 1-ம் தேதி பூ, இனிப்பெல்லாம் கொடுத்துப் பள்ளியைத் திறந்தோம். உடனே தீபாவளி லீவு, அப்புறம் மழை லீவு. வந்த நாட்களிலோ இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரவே மாட்டேன் என்கிறார்கள். ஒன்றுக்குக் கேட்கத் தெரியாமல் பாயிலேயே போய்விடுகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை, ஜூனில் கொரோனாவில் அப்பா இறந்ததிலிருந்து வாயே திறப்பதில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பரோட்டாக் கடையில் நிற்கிறான். ஆசிரியர்கள் சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறார்கள். ஒருவர் போன வாரம் வகுப்பிலேயே அழுதுவிட்டார். எல்லாருடைய மனநலத்தையும் கவனிக்கச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? எனக்கும் ராத்திரி மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கம் இல்லை.
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: அன்புள்ள டீச்சர், உங்கள் கடிதம் நாலு பக்கம். இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். அந்த நாலு பக்கத்தில் உங்களைப் பற்றி இருப்பது கடைசி வரி மட்டும்தான். நான் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் கூப்பிட்டதால்தான் அவர் போய்விட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் "நான்தான் கூப்பிட்டேன்" என்ற சொல் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவானது. கடைக்குப் போனவர், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனவர், எங்குமே போகாமல் வீட்டில் இருந்தவர் என்று எல்லாருக்கும்தான் வந்தது. எங்கே, யாரிடமிருந்து ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது. இதை நான் சொல்லி உங்கள் மனம் ஒப்பாது, தெரியும். அவருடைய வீட்டுக்காரரிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இதுவரை அந்த வீட்டுக்கு நீங்கள் போகவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஊரடங்கில் யாரும் போகவில்லை.

நம் பள்ளிகளில் இப்போது நடப்பதற்கெல்லாம் பாதிக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் சாவு விழுந்தால் துக்கம் விசாரிக்கப் போவோம். எதிரியாக இருந்தாலும் போவோம். போய்ச் சும்மா உட்கார்ந்திருப்போம், அவர்கள் அந்தக் கடைசி நாளை முதலிலிருந்து சொல்வார்கள், அடுத்தவர் வந்ததும் மறுபடி சொல்வார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அது ஆறும். இந்த இரண்டு வருஷத்தில் அது நடக்கவே இல்லை. மூட்டையாகக் கட்டிக் கொடுத்த உடலைத் தூர நின்று பார்த்ததோடு சரி. அந்தப் பாக்கி உங்கள் ஆசிரியர் அறையிலும் இருக்கிறது, வகுப்புகளிலும் இருக்கிறது. அதனால் பயிற்சி, கவுன்சலிங் எல்லாம் அப்புறம். முதலில் துக்கம் விசாரித்து முடியுங்கள்.

ஒரு சனிக்கிழமை ஐந்து பேருமாக அந்த டீச்சர் வீட்டுக்குப் போங்கள். சத்துணவு அமைப்பாளரையும் ஆயாவையும் விட்டுவிடாதீர்கள், அவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்கள்தான். அடுத்து, வகுப்பில் அழுதாரே அந்த ஆசிரியர், அவர் வீட்டில் யார் போனார்கள்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. ஒருவேளை நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். கேளுங்கள். தன்னை யாரும் கேட்காத மனிதர் முப்பது பிள்ளைகளை உட்கார்த்தி எப்படிக் கேட்பார்?

கத்துவதைப் பற்றி ஒன்று. மெமோ கொடுத்து அதை நிறுத்த முடியாது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நாங்களாக ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். பொறுமை போய்விடும் என்று தோன்றினால் ஒரு பிள்ளையிடம் சிவப்புச் சாக்பீஸ் ஒன்றைக் கொடுத்துப் பக்கத்து வகுப்புக்கு அனுப்புவோம். அதைப் பார்த்ததும் பக்கத்து வகுப்புக்காரர் எதுவும் கேட்காமல் வந்து நிற்பார். நாம் வெளியே போய்த் தண்ணீர் குடித்து, மரத்தடியில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வரலாம். ஏன் என்று கேட்கக் கூடாது, பிறகு கேலி செய்யவும் கூடாது. அவ்வளவுதான் விதி. ஐந்து பேர் இருக்கும் பள்ளியில் இது நடக்கும். அப்புறம், எமிஸ் என்கிற துறையின் கணினிப் பதிவு, வாட்ஸ்அப் குழுவில் வரும் படிவங்கள் எல்லாவற்றையும் ராத்திரி ஏழு மணிக்குமேல் நீங்கள் யாருக்கும் அனுப்புவதில்லை என்று ஒரு முடிவு எடுங்கள். மேலிருந்து உங்களுக்கு ஒன்பது மணிக்கு வரத்தான் செய்யும். உங்களோடு அது நிற்கட்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, பிள்ளைகளுக்கு வருவோம்.

2005 ஜனவரியில், சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில் பள்ளி திறந்தபோது நான் அங்கே ஆசிரியராக இருந்தேன். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். எனக்கு அப்போது விஷயம் தெரியாது. விட்ட பாடத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தால் பிள்ளைகள் பழையபடி ஆகிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு பையன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "சார், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது, பின்னாலேயே போனேன். குழாய்ப் பக்கமே அவன் போகவில்லை. சுற்றுச்சுவரில் ஏறி நின்று பார்த்தான். கடல் கடல் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கினான். மறுநாள் அவனை ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்தேன். அதற்குப் பிறகு அவன் தண்ணீர் கேட்கவில்லை. நான் அவனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை.

உங்கள் ஐந்தாம் வகுப்புப் பெண்ணை வைத்துத்தான் இதைச் சொன்னேன். அவளைப் பேசவைக்கப் பார்க்காதீர்கள். முக்கியமாக, எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி "அப்பாவை நினைச்சு அழாதேம்மா" என்று சொல்லவே சொல்லாதீர்கள். நல்ல மனதோடு நிறையப் பேர் செய்யும் தப்பு அது. அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். மணி அடிப்பது, வருகைப் பதிவேட்டை உங்கள் அறைக்கு எடுத்து வருவது என்று எதுவானாலும் சரி, அவள் வராவிட்டால் நின்றுபோகிற மாதிரி ஒரு வேலை. நீங்களும் வகுப்பு டீச்சரும் அவள் வீட்டுக்கும் போக வேண்டும். போய் உட்கார்ந்துவிட்டு, துக்க வீட்டில் எப்படியோ அப்படி, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வாருங்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆனால் அவள் அம்மாவைத் தனியே கூப்பிட்டு ஒன்றைக் கேட்க மறக்க வேண்டாம். கொரோனாவில் தாய், தந்தை இருவரில் ஒருவரை இழந்த பிள்ளைகளுக்கு 3 லட்சம், இருவரையும் இழந்தவர்களுக்கு 5 லட்சம் என்று 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. இறப்புச் சான்று கையில் இருக்கிறதா, விண்ணப்பித்தாரா என்று பாருங்கள். இல்லையென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் யாரையாவது கூட அனுப்புங்கள். கையில் காகிதத்தோடு அலுவலகம் அலுவலகமாக அலையும் அம்மாவின் பயம்தான் பாதி நேரம் பிள்ளையின் முகத்தில் தெரிகிறது.

இரண்டாம் வகுப்பைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு ஒரு வருத்தம். "ஒழுங்கு போய்விட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எங்கே இருந்தது, போவதற்கு? 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியவர்கள் அவர்கள். கல்வித் தொலைக்காட்சியில் எவ்வளவு பார்த்திருந்தாலும் பள்ளிக்கூடம் என்று ஒன்றை இந்த மாதம்தான் கண்ணால் பார்க்கிறார்கள். முதல் நாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் என்ன எதிர்பார்ப்போமோ அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கழிப்பறையைக் காட்டுங்கள், குழாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள், சத்துணவுக் கூடத்தைக் காட்டுங்கள். உங்கள் அறைக்குள்ளும் ஒரு தரம் வந்துவிட்டுப் போகட்டும். இதை ஒரு வாரம் தினமும் செய்ய வேண்டியிருக்கும். ஒரு மாற்று உடுப்பு வைத்தனுப்பும்படி அம்மாக்களிடம் சொல்லி வையுங்கள், ஆயாவிடம் முகம் சுளிக்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பிள்ளைகள் டீச்சரின் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண், அதுவும் கோபமான கண். மாஸ்க் போட்டுக்கொண்டு ல, ள, ழ சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், நாக்கு எங்கே மடிகிறது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? மழை விட்ட நாளில் வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போய், நன்றாகத் தள்ளி நின்று, மாஸ்க்கை இறக்கி ஒரு தரம் சிரித்துவிட்டு 'ழ' சொல்லச் சொல்லுங்கள் அந்த டீச்சரை. பாடத்தை முடிக்க வேண்டுமே என்ற அவசரம் இப்போது வேண்டாம். முதல் நாட்களில் கதை, பாட்டு, படம் வரைதல் போதும் என்று துறையே சொல்லியிருக்கிறது. இந்த ஒரு சலுகையையாவது முழுதாக அனுபவியுங்கள்.

பரோட்டாக் கடைப் பையனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மற்ற எதுவும் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது. இரண்டு மாதம் கையில் காசு பார்த்த பிள்ளை திரும்புவது கஷ்டம். பெயரை நீக்கிவிட வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஊருக்குத் தெரிந்த அம்மா யாராவது இருப்பார், அவரையும் கூட்டிக்கொண்டு மாலை நேரத்தில் அவன் வீட்டுக்குப் போங்கள். எவ்வளவு கடன், யாருக்கு, வாரத்துக்கு எவ்வளவு கொண்டுவருகிறான் என்று நேராகவே கேளுங்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் கடையில் வேலைக்கு வைப்பது குற்றம். அதைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும், அவன் அப்பாவிடம் அல்ல. கடைக்காரர் முறைத்தால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. வந்த பிறகு அவனை "வாங்க முதலாளி" என்று வகுப்பில் யாரும், முக்கியமாக ஆசிரியர்கள், கிண்டல் செய்துவிடக் கூடாது. அந்த ஒரு வார்த்தைக்கே திரும்பிப் போய்விடுவான். உங்கள் மாவட்டத்தில் மாலையில் தெருவிலேயே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்குத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் அல்லவா, அவன் தெருவில் ஒரு நல்ல அக்கா அமைந்தால் மாலையில் விட்டதைப் பிடித்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பிள்ளை இரண்டு வாரமாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, அல்லது செத்துப்போகலாம் என்று வாய்தவறிச் சொன்னது என்றால், பள்ளியில் வைத்துப் பார்க்க வேண்டாம். அந்தக் கடைசி விஷயத்துக்கு ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். எங்கே, யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417 அல்லது மருத்துவ உதவி எண் 104-ல் கேளுங்கள். மூன்று மணிக்கு விழிக்கும் தலைமையாசிரியைக்கும் அதே ஆஸ்பத்திரிதான். சுகர், பிரஷர் பார்க்கப் போகிற மாதிரி போய்விட்டு வாருங்கள். நேரமில்லை என்று மட்டும் பதில் எழுதாதீர்கள்.

இனி அலமாரி. சாவி அவர் வீட்டில்தான் இருக்கும், சனிக்கிழமை போகும்போது கேட்டு வாங்குங்கள். அவர் பெண்ணோ வீட்டுக்காரரோ வர விரும்பினால் அவர்களே வந்து திறக்கட்டும். பேனா, டிபன் பாக்ஸ், சால்வை என்று அவருடையதை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். அந்த நாலாம் வகுப்பு இப்போது ஆறாம் வகுப்பாக உங்கள் பள்ளியிலேயே உட்கார்ந்திருக்கிறது. கட்டுரை நோட்டுகளைப் பெயர் கூப்பிட்டு அந்தப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். பாதி நோட்டில் சிவப்பு மை இருக்கும், பாதியில் இருக்காது. திருத்தாததை நீங்கள் உட்கார்ந்து திருத்த வேண்டாம், அப்படியே கொடுத்துவிடுங்கள்.