பெஞ்சில் உட்கார வைக்கும் அதிகாரம் யாரிடம்? – வாசகர் கேள்விகள்

கொஞ்ச நாளாக எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கொடிகட்டிப் பறக்கும் பயிற்சியாளர்கள், அங்கே தொழில்முறை அணிகள் ஆடும் லீக்கான என்பிஏவுக்குப் போவார்களா, போனால் தாக்குப்பிடிப்பார்களா என்பது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை. அதனால் இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸின் என்பிஏ அணியான லேக்கர்ஸே தேடி வந்து கூப்பிட்டும் யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) பயிற்சியாளர் டான் ஹர்லி போகவில்லை. இனி அவர் கல்லூரியை விட்டு நகரமாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

முழுசாக அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஜூனில் லேக்கர்ஸ் அவருக்கு 6 ஆண்டுகளுக்கு 7 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. அவர் லாஸ் ஏஞ்சலஸுக்கே போய்ப் பேசினார். வாரக் கடைசி முழுக்க யோசித்து, ஜூன் 10ஆம் தேதி வேண்டாம் என்றார். அடுத்த மாதமே யூகான் பல்கலைக்கழகம் அவருக்கு 6 ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. கணக்குப் பார்த்தால் 2 கோடி டாலரை விட்டுக்கொடுத்திருக்கிறார். ஆனால் ஆசையே இல்லாத மனிதர் அந்த விமானத்தில் ஏறியிருக்க மாட்டார். அதையும் மறக்கக் கூடாது.

ஏன் போகவில்லை என்பதற்கு அவருடைய வாழ்க்கையைப் பார்த்தாலே போதும். பிறந்து வளர்ந்தது நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டி. விளையாடியது அதே மாநிலத்தின் சீட்டன் ஹால். தலைமைப் பயிற்சியாளராக முதலில் நெவார்க்கில் ஒரு பள்ளி, அப்புறம் ஸ்டேட்டன் ஐலண்டில் வாக்னர் கல்லூரி, பிறகு ரோட் ஐலண்ட், 2018 முதல் கனெக்டிகட். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள், எல்லாமே காரில் மூன்று, மூன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

அவருடைய அப்பா பாப் ஹர்லி இன்னும் ஒரு படி மேல். ஜெர்சி சிட்டியில் செயின்ட் ஆன்டனி என்ற சின்ன உயர்நிலைப் பள்ளி. சொந்தமாக ஒரு உள்ளரங்கம்கூட அதற்குக் கிடையாது. அங்கேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஜெயித்து, கூடைப்பந்து ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். 2017இல் பள்ளியையே மூடும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மேலே போவதுதான் வளர்ச்சி என்ற கணக்கு அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

என் கணிப்பைக் கேட்டால் சொல்கிறேன். ஹர்லி என்றைக்காவது போனால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அணிக்குப் போவார். உரிமையாளரும் நிர்வாகமும் அவசரப்படாத இடமாக அது இருக்க வேண்டும். நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு இந்த வருஷமே கோப்பை வேண்டும் என்று நிற்கும் அணிக்கு அவர் போவதை நான் விரும்பவில்லை. லேக்கர்ஸை மறுத்தது சரியான முடிவு என்று அன்றைக்கே நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான்.

பந்து அதேதான், வளையம் அதே 10 அடி உயரம்தான். கல்லூரியில் ஜெயித்தவர் என்பிஏவில் மட்டும் ஏன் தடுமாறுகிறார்?

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச் கடைசியில் பாஸ்டனில் யூகானும் இல்லினாயும் மோதிய ஆட்டம். நமக்கு அது விடியற்காலை. பால் பாக்கெட் வருவதற்கு முன்னால், வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாதி முடியும் நேரத்தில் 23–23. அதிலிருந்து யூகான் வரிசையாக 30 புள்ளி எடுத்தது. இல்லினாய்க்கு ஒன்றுகூட இல்லை. 53–23! ஏழடி இரண்டங்குல டொனோவன் கிளிங்கன் வளையத்துக்கு அடியில் நிற்கிறார், இல்லினாய் பையன்கள் திரும்பத் திரும்ப அவர் மேலேயே போய் முட்டுகிறார்கள். கடைசியில் 77–52.

எல்லாரும் கிளிங்கனைப் பார்த்தார்கள். நான் மறுபக்கத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். யூகான் கையில் பந்து இருக்கும்போது பந்து இல்லாத நான்கு பேரும் நிற்கவே இல்லை. கேம் ஸ்பென்சர் ஒரு ஸ்கிரீனை, அதாவது எதிராளியை மறித்து நிற்கும் கூட்டாளியை, சுற்றி வெளியே ஓடுகிறார், பந்து வரவில்லை. உடனே திரும்பி இன்னொரு ஸ்கிரீனைச் சுற்றி உள்ளே ஓடுகிறார். மூன்றாவது ஓட்டத்தில்தான் இடைவெளி கிடைக்கிறது, அதுவும் அவருக்கு இல்லை, கூட ஆடும் பையனுக்கு. அதற்காக ஸ்பென்சர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

இப்படி ஓட வைக்க ஒரு பயிற்சியாளரிடம் என்ன இருக்க வேண்டும்? பையனை வீடு தேடிப் போய் அழைத்து வந்தவர் அவராக இருக்க வேண்டும். ஓடவில்லை என்றால் பெஞ்சில் உட்கார வைக்கும் அதிகாரம் அவர் கையில் இருக்க வேண்டும். ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் பயிற்சி செய்ய நாள் வேண்டும். கல்லூரியில் இந்த மூன்றுமே உண்டு.

என்பிஏவில் மூன்றும் கை நழுவிவிடும். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பது பொது மேலாளர். பருவத்துக்கு 82 ஆட்டம், வாரத்துக்கு மூன்று நான்கு. இன்றைக்கு ஆட்டம், ராத்திரியே விமானம், விடிந்தால் வேறு ஊர். பயிற்சி என்று உட்கார நேரமே கிடைக்காது. பந்து கைக்கு வந்தால் கல்லூரியில் 30 நொடிக்குள் வளையத்தை நோக்கி எறிய வேண்டும், இங்கே 24 நொடிக்குள். மூன்றாவது ஓட்டம்வரை காத்திருக்க முடியாது.

அதிகாரத்தைப் பாருங்கள். ஹர்லிக்கு லேக்கர்ஸ் சொன்ன தொகை வருஷத்துக்கு ஏறத்தாழ 1 கோடியே 17 லட்சம் டாலர். அந்த 2024–25 பருவத்தில் லேக்கர்ஸின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸின் சம்பளம் 4 கோடியே 87 லட்சம் டாலர். அணிக்குள் கருத்து வேறுபாடு வந்தால் நிர்வாகம் யாரை வைத்துக்கொள்ளும் என்று உங்களுக்கே தெரியும். கல்லூரியில் பையன்கள் கோச்சுக்காக ஓடுவார்கள். என்பிஏவில் ஓட வேண்டிய காரணத்தை ஒவ்வொரு நாளும் எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

ஜான் பீலைன் இதற்கு வருத்தமான உதாரணம். மிச்சிகன் அணியை இரண்டு தடவை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோன அருமையான ஆசிரியர். 2019இல் என்பிஏவின் கிளீவ்லாண்ட் அணிக்குப் போனார். அடிப்படையிலிருந்து பாடம் எடுத்தார். சம்பளம் வாங்கும் பெரிய ஆட்டக்காரர்களுக்கு அது பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. வீடியோ பார்க்கும் ஒரு கூட்டத்தில் வாய் தவறி ஒரு தப்பான சொல் வந்து, மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. 54 ஆட்டத்தில் 14தான் வெற்றி. பிப்ரவரியில் அவரே விலகிவிட்டார். அறிவில் குறையே இல்லை. கேட்கும் காதுகள்தான் வேறு.

ரிக் பிட்டினோ மாதிரி ஒரு ஜாம்பவான் ஏன் பாஸ்டனில் சறுக்கினார்?

அவசரம். கென்டக்கி பல்கலைக்கழக அணிக்கு 1996இல் கல்லூரிச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, 1997இல் பாஸ்டனின் என்பிஏ அணியான செல்டிக்ஸுக்கு வந்தார். பயிற்சியாளர், நிர்வாகத் தலைவர் இரண்டும் அவரே. புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் அந்த வருஷ டிராஃப்டில், கல்லூரி நட்சத்திரம் டிம் டங்கன் கிடைப்பார் என்ற நம்பிக்கையில் ஊரே காத்திருந்தது. குலுக்கலில் கிடைத்தது 3ஆவது, 6ஆவது இடங்கள். மூன்றாவது இடத்தில் சான்சி பிலப்ஸ் என்ற இளைஞரை எடுத்தார். அவர் 51 ஆட்டம் ஆடியதுமே வேறு அணிக்கு மாற்றியும் விட்டார். மொத்தத்தில் 102 வெற்றி, 146 தோல்வி, 2001 ஜனவரியில் ராஜினாமா.

அதே பிலப்ஸ் 2004இல் டெட்ராய்ட் அணிக்காக லேக்கர்ஸை வீழ்த்தி, இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அந்த அணியின் பயிற்சியாளர் லாரி பிரவுன். 1988இல் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்கும் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். கல்லூரிப் பட்டம், என்பிஏ பட்டம் இரண்டையும் பயிற்சியாளராக வென்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

டியூக் பயிற்சியாளர் மைக் ஷஷெஃப்ஸ்கியையும் லேக்கர்ஸ் கூப்பிட்டதாமே?

ஆமாம், அதே 2004 கோடையில்தான். மறுத்துவிட்டு டியூக்கிலேயே இருந்தார். அதற்குப் பிறகு 2010, 2015 என்று இன்னும் இரண்டு பட்டம். 2022இல்தான் ஓய்வு.

அப்படியானால் போய் ஜெயித்தவர்களே கிடையாதா?

உண்டு. எனக்குப் பிடித்தவர் பிராட் ஸ்டீவன்ஸ். பட்லர் என்ற சின்னப் பல்கலைக்கழகத்தை 2010, 2011 இரண்டு வருஷமும் இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவர். 2010இல் டியூக்கிடம் 61–59 என்று இரண்டே புள்ளியில் தோல்வி. கடைசி நொடியில் கோர்ட்டின் பாதியிலிருந்து கோர்டன் ஹேவர்ட் எறிந்த பந்து பலகையில் பட்டு, வளையத்தில் பட்டு, வெளியே விழுந்தது. அதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு என்னவோ செய்கிறது.

2013இல் 36 வயதில் செல்டிக்ஸ் அவரை 6 ஆண்டுகளுக்கு எடுத்தது. முதல் பருவத்தில் 25 வெற்றி, 57 தோல்வி. யாரும் அவரைத் துரத்தவில்லை. இந்தப் பொறுமைதான் பாதி விஷயம். மீதிப் பாதி அவருடைய குணம். கத்தமாட்டார். டைம்-அவுட்டில் பலகையில் கோடு போட்டு, அடுத்து என்ன என்று மட்டும் சொல்வார். தான்தான் ராஜா என்று காட்டிக்கொள்ளும் தேவை அவருக்கு இருந்ததில்லை. மூன்று முறை கிழக்கு மண்டல இறுதிக்கு வந்தார். 2021இல் நிர்வாகத்துக்கு மாறினார். அவர் கட்டிய அணிதான் 2024இல் செல்டிக்ஸின் 18ஆவது பட்டத்தை வென்றது.

இங்கேதான் எனக்கு ஹர்லியைப் பற்றிக் கவலை. கோர்ட் ஓரத்தில் அவர் தீ மாதிரி. அந்தச் சூடுதான் யூகானுக்கு 2023, 2024 என்று அடுத்தடுத்துப் பட்டம் கொடுத்தது. அதே சூடு 2024 நவம்பரில் ஹவாயின் மௌயி போட்டியில் மெம்ஃபிஸுக்கு எதிராக ஓவர்டைமில், அதாவது கூடுதல் நேரத்தில், நடத்தைக்கான தண்டனையான டெக்னிக்கல் ஃபவுல் வாங்கிக் கொடுத்தது. அங்கே ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோல்வி. கல்லூரியில் மூன்று தோல்வி என்றால் பையன்களைக் கூட்டி உட்கார வைத்துப் பேசிச் சரிசெய்யலாம். 82 ஆட்டத்தில் நல்ல அணிக்கே 30 தோல்வி வரும். முப்பது முறை எரிந்தால் மனுஷன் என்ன ஆவார்?

2007இல் பில்லி டோனவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கியது தப்பில்லையா?

ஃப்ளோரிடாவுக்கு 2006, 2007 இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஆர்லாண்டோ மேஜிக் அணிக்குச் சரி என்றார். மேடையில் அறிமுகமும் ஆயிற்று. இரண்டு மூன்று நாளில் மனம் மாறி, விட்டுவிடுங்கள் என்று கேட்டார். கொடுத்த வாக்கை மீறியது தப்புதான். ஆனாலும் மனம் ஒட்டாமல் போய்ப் பாதியில் விட்டிருந்தால் இரண்டு பக்கமும் இன்னும் கெட்டிருக்கும். ஆர்லாண்டோ நஷ்டப்படவில்லை. பதிலுக்கு வந்த ஸ்டான் வான் கண்டி 2009இல் அவர்களை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். டோனவனும் 2015இல், மனம் தயாரானபோது, ஓக்லஹோமா சிட்டிக்குப் போனார்.

இப்போது கல்லூரியிலேயே ஆட்டக்காரர்களுக்குப் பணம், வருஷா வருஷம் அணி மாற்றம். இனி பயிற்சியாளர்கள் என்பிஏவே மேல் என்று நினைக்க மாட்டார்களா?

நியாயமான கேள்வி. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025இல் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு பல்கலைக்கழகமே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயரைப் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாகக் கல்லூரி மாறுவதும் சுலபம். ஏப்ரலில் சாம்பியன், மே மாதத்தில் பாதி அணி காலி என்ற நிலை. வர்ஜீனியாவின் டோனி பென்னட் 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில நாளே இருக்கும்போது, இந்தப் புது ஏற்பாட்டுக்குத் தான் பொருத்தமான ஆள் இல்லை என்று ஓய்வு பெற்றார். வயது 55தான். ஆனால் கவனியுங்கள், அவர் என்பிஏவுக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போனார். அலுத்துப்போனவர்கள் ஓய்வைத் தேடுகிறார்கள். இன்னும் பசி இருப்பவர்கள், பையன்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மிச்சம் இருக்கும்வரை, கல்லூரியிலேயே இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

பெண் பயிற்சியாளர்களுக்கு இந்தக் கதவு திறக்குமா?

2025 கோடையில் நியூயார்க் நிக்ஸ் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு டான் ஸ்டேலியை நேர்காணல் செய்தது. சவுத் கரோலினா பெண்கள் அணிக்கு 2017, 2022, 2024 என மூன்று பட்டம் வாங்கிக் கொடுத்தவர். கொடுத்திருந்தால் ஏற்றிருப்பேன் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். கொடுக்கவில்லை. என்பிஏவில் இதுவரை ஒரு பெண்ணும் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. ஆட்டக்காரர்களைக் கையாள்வதில் ஸ்டேலிக்கு இணையாகச் சொல்ல எனக்கு நான்கைந்து பேருக்கு மேல் தோன்றவில்லை. இது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

என் மகன் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் ஆடுகிறான். ஒரு பயிற்சியாளரை நம்பிக் கல்லூரியில் சேர்ந்து, அவர் என்பிஏவுக்குப் போய்விட்டால் என்ன செய்வது?

பயப்படாதீர்கள். தலைமைப் பயிற்சியாளர் விலகினால், ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாறத் தனியாகச் சில நாள் அவகாசம் உண்டு. அதற்கும் முன்னால், கல்லூரியைப் பார்க்கப் போகும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். துணைப் பயிற்சியாளர்களிடம் தனியாகப் பேசுங்கள். தலைவர் போனால் பல நேரம் அவர்களில் ஒருவர்தான் அந்த நாற்காலியில் உட்காருவார். அப்புறம், பயிற்சி நடக்கும்போது ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து, ஆடாமல் பெஞ்சில் இருக்கும் பையன்களைப் பாருங்கள். கோச் அவர்களிடமும் வந்து பேசுகிறாரா என்று பாருங்கள். முதல் வருஷம் உங்கள் மகன் உட்காரப்போவது பெரும்பாலும் அங்கேதான்.