காட்டுக்குக் கணக்கு எழுதும் வேலை: ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா.

"மரத்தை எண்ணி கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலைக்கா எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருந்தீர்கள். தாவரவியல் கடைசி வருடம் படிக்கிற மகள், காட்டு ஆய்வில் தரவு மேலாளர் ஆகப்போகிறேன் என்றால் எந்த அப்பாவுக்கும் கலக்கம் வரத்தான் செய்யும். சொந்தக்காரர்கள் கேட்டால் சொல்வதற்குக்கூடப் பழகிய பெயர் இல்லாத வேலை. அதனால் முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், சம்பளம் அப்புறம்.

முதுமலைக் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலத்தில் 50 ஹெக்டேர் நிலம் அளந்து குறிக்கப்பட்டிருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். சுகுமாரும் அவருடைய குழுவும் 1988-இல் தொடங்கிய ஆய்வு அது. அதற்குள் 1 செ.மீ. விட்டத்தைத் தொட்ட ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண் உண்டு. முதல் கணக்கிலேயே 25,000-க்கு மேல் வந்தது. எது செத்தது, எது புதிதாக முளைத்தது, எதை யானை ஒடித்தது, எது தீயில் கருகியது என்று வருடா வருடம் பார்க்கிறார்கள். நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லா மரத்தையும் மறுபடி அளக்கிறார்கள். மாணவர்கள் வருவார்கள், பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள். கணக்கு மட்டும் அறுந்துவிடக் கூடாது. அதை அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் மகள் விரும்பும் வேலை.

வெறும் டைப் அடிக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மரம் போன தடவை 30.8 செ.மீ. இருந்தது, இந்தத் தடவை 30.6 என்று தாளில் இருக்கிறது என்று வையுங்கள். மரம் இளைத்துவிட்டதா? பட்டை உரிந்திருக்கலாம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்ற வேண்டிய டேப்பை ஒருவர் நாலு விரல் மேலே சுற்றியிருக்கலாம். எழுதியவரின் 6 வேறொருவர் கண்ணுக்கு 8 மாதிரி தெரிந்திருக்கலாம். தெரியாதவர் தன் இஷ்டத்துக்கு எண்ணைத் திருத்திவிடுவார். தெரிந்தவர் தாளில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு, யார், எப்போது, ஏன் சந்தேகப்பட்டார்கள் என்று பக்கத்தில் எழுதி வைப்பார்.

இன்னொன்று. வெக்காலி மரத்தை ஆய்வு தொடங்கியபோது அனோகீஸஸ் லாட்டிஃபோலியா என்று எழுதினார்கள். பிறகு தாவரவியலாளர்கள் அதை மருத மரத்தின் பேரினத்தில் சேர்த்து டெர்மினாலியா அனோகீஸியானா என்று பெயர் மாற்றினார்கள். மரம் நின்ற இடத்திலேயேதான் நிற்கிறது. பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைக்காவிட்டால், ஓர் இனம் அழிந்து இன்னொன்று பிறந்ததாகக் கம்ப்யூட்டர் காட்டும். செத்தது என்று குறித்த மரம் அடுத்த மழையில் அடியிலிருந்து துளிர்ப்பதும் உண்டு. அதற்குப் புது எண் கொடுத்தால் சாவுக் கணக்கும் தப்பு, பிறப்புக் கணக்கும் தப்பு. மரம் தெரியாத கணினிக்காரருக்கு இதெல்லாம் பிடிபடாது. உங்கள் மகளின் தாவரவியல் படிப்பு உதவுவது இங்கேதான்.

ஒரு கல்லூரியில் எட்டு வருட அளவுகள் ஒரே மாணவரின் மடிக்கணினியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் வேலை கிடைத்துப் போய்விட்டார். மிஞ்சிய கோப்பில் தலைப்பே இல்லாத மூன்று நெடுவரிசைகள். சென்டிமீட்டரா, அங்குலமா என்று சொல்ல ஆள் இல்லை. எட்டு வருட உழைப்பு! இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அமெரிக்காவில் 1980-இல் தொடங்கிய நீண்டகாலச் சூழலியல் ஆய்வு வலையமைப்பில், ஒவ்வொரு ஆய்வுத்தளமும் இதற்கென்றே ஒருவரை வைத்திருக்கிறது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் பங்கேற்கும் ஆண்ட்ரூஸ் காட்டில், விழுந்த மரங்கள் எப்படி மக்குகின்றன என்று 1985-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. திட்டமிட்ட காலம் 200 வருடம். முடிவைப் பார்க்கப்போகிறவர் இன்னும் பிறக்கவில்லை. அவருக்குப் புரியும்படி இன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்.

சரி, சம்பளம். மறைக்காமல் சொல்கிறேன், நம் நாட்டில் இந்தப் பெயரில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. பெரும்பாலும் திட்டம் இருக்கும்வரை ஒப்பந்தம். அதனால் ஆய்வு உதவித்தொகைக்கான சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வை உங்கள் மகள் எழுதியே ஆக வேண்டும். அதன் வழியே கிடைக்கும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கேட் (GATE) தேர்விலும் சூழலியல், பரிணாமவியலுக்குத் தனித்தாள் இருக்கிறது, அதையும் விட வேண்டாம். இந்திய அறிவியல் கழகம், டேராடூன் வன உயிரின நிறுவனம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பெங்களூருவின் ஏட்ரீ (ATREE) சூழலியல் ஆய்வு நிறுவனம், இவற்றின் இணையதளங்களில் திட்டப்பணி அறிவிப்புகளைத் தவறாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

லட்ச ரூபாய் கட்டி டேட்டா சயின்ஸ் வகுப்பில் சேர்க்க வேண்டாம். புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் (R) மொழி இலவசம், வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் (QGIS) இலவசம், தரவுத்தளத்தில் தேடுவதற்கான எஸ்க்யூஎல் (SQL) மொழியை வீட்டிலேயே படிக்கலாம். இந்த மூன்றும் கைவந்தால் காட்டு ஆய்வு சரிப்படாத நாளிலும் வேறு துறையில் வேலை தேட முடியும்.

யானைக்காட்டில் பெண்பிள்ளை தனியாகப் போவாளா என்ற பயம் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. தனியாகப் போக மாட்டார். காடு அறிந்த உள்ளூர்ப் பழங்குடி உதவியாளர்களோடு குழுவாகத்தான் போவார்கள். நேர்முகத்தில் இதைத் தயங்காமல் கேட்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. மகள் தன் கல்லூரி வளாகத்தில் 50 மரங்களுக்கு எண் கொடுத்து, 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து, எப்படி அளந்தார் என்பதை ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தை மட்டும் கையில் கொடுத்து, அந்த மரங்களைப் பார்த்தே இராத ஒருவரை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால் நல்லது ஐயா. இரண்டு அட்டவணைகளையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள், எங்கே எண் ஒத்துப்போகவில்லை என்று சேர்ந்து பார்ப்போம்.