கடிகாரக் கண்ணாடியில் தீ, கல்லின் மேல் இரும்பு

ஐயா, வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இரவுதோறும் ஜூல்ஸ் வெர்னின் ‘மர்மத் தீவு’ நாவலை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்லிவருகிறேன். கேள்விகளால் துளைக்கிறாள். கடிகாரக் கண்ணாடியால் தீ மூட்ட முடியுமா? சுத்தியலே இல்லாதவர்கள் இரும்பை எதைக் கொண்டு அடித்தார்கள்? எனக்கே நம்பிக்கை வரவில்லை. பொறியாளர் ஒருவருக்கு எல்லாம் தெரியும் என்று எழுதிவிட்டால் போதுமா? இதில் அவளே செய்துபார்க்கும்படி ஏதாவது உண்டா?

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் பிரதியைப் பாருங்கள். பொறியாளரின் பெயர் சைரஸ் ஹார்டிங் என்றிருந்தால், அது 1875இல் கிங்ஸ்டன் பெயரில் வந்த பழைய மொழிபெயர்ப்பு. வெர்ன் வைத்த பெயர் சைரஸ் ஸ்மித். பெயர் மாறியதுகூடப் பெரிதில்லை. இறுதிப் பகுதியில் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் கேப்டன் நெமோ, தான் புந்தேல்கண்ட் அரசரின் மகன் இளவரசன் தக்கார், திப்பு சாகிபின் (திப்பு சுல்தானின்) மருமகன் என்று சொல்கிறார் (மகளிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள்). அங்கே ஆங்கில ஆட்சியைச் சாடும் வரிகள் பழைய மொழிபெயர்ப்பில் மழுங்கடிக்கப்பட்டிருக்கின்றன. 2001இல் இரண்டு புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகள் வந்தன. இரண்டில் ஒன்றுக்கு மாறிவிடுங்கள்.

இனி உங்கள் சந்தேகம். பலூனில் வந்து ஆளில்லாத் தீவில் விழும் அந்த ஐந்து பேரையும் காப்பாற்றுவது பொறியாளரின் அறிவு மட்டும் அல்ல, வேலைகளின் வரிசை. 1865 மார்ச்சில் கரையில் விழும்போது அவர்களிடம் உடுத்திய துணியும் இரண்டு கடிகாரங்களும்தான் இருந்தன என்றே சொல்லலாம். கூட வந்த நாயின் கழுத்துப்பட்டை எஃகு. அதை இரண்டாக உடைத்து மணற்கல்லில் தீட்டுகிறார்கள், இரண்டு கத்திகள் கிடைக்கின்றன. கத்தி இருப்பதால் வில்லுக்குக் கிளை சீவ முடிகிறது. களிமண்ணை அறுத்துச் செங்கல், செங்கல்லால் சூளை, சூளையில் பானை. துருத்திக்குக் கடல்நாயின் தோல். துருத்தியின் ஊதுகுழாயோ அதே சூளையில் சுட்ட தீக்களிமண் குழாய். சூளை இல்லையென்றால் இரும்பு இல்லை. எந்தப் படியையும் வெர்ன் தாண்டிக் குதிப்பதில்லை.

சுத்தியல் கேள்விக்கும் நாவலிலேயே விடை இருக்கிறது. உலையிலிருந்து எடுத்த முதல் இரும்புக் கட்டிக்கே கழியைப் பிடியாகப் போட்டு, கருங்கல்லைப் பட்டடையாக வைத்து, இரண்டாவது கட்டியை அடிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

அந்த உலையில் இரும்பு உருகுவதில்லை என்பதை மகளுக்கு விளக்குங்கள். இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். இத்தகைய உலை எட்டுவது 1,200 டிகிரி அளவு. அந்தச் சூட்டில் தாதுவிலுள்ள ஆக்சிஜனைக் கரிப்புகை பறித்துக்கொள்கிறது, மண்ணும் கல்லும் கிட்டமாக (உருகிய கழிவாக) வழிகிறது, இரும்பு மட்டும் பஞ்சுபோலத் துளைகளோடு கட்டியாக நிற்கிறது. மிச்சக் கிட்டத்தைப் பிதுக்கி வெளியேற்றத்தான் அடிப்பது. காற்று விட்டுவிட்டு வந்தால் கட்டி சேராது. அதனால்தான் கொல்லர்கள் இரண்டு துருத்திகளை மாற்றி மாற்றி ஊதுவார்கள். சூடு மிஞ்சினால் இரும்பு கரியை அதிகம் உறிஞ்சி, அடித்ததும் சிதறும்.

வெர்ன் இங்கே ஒரு சிக்கலைக் கடந்துபோய்விடுகிறார். அவர்கள் எரிப்பது நிலக்கரி. நிலக்கரியில் கந்தகம் இருக்கும். அது இரும்பில் ஏறினால், செந்தணலாக இருக்கும்போது அடிக்க அடிக்க வெடிப்பு விடும். மரக்கரி சுட்டு எரித்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. காட்டுக்கும் அங்கே குறைவில்லை.

நாவலில் இரண்டு கடிகாரங்களின் கண்ணாடிகளையும் சேர்த்து, நடுவில் நீர் நிரப்பி வில்லையாக்கித் தீ மூட்டுகிறார்கள். இது உண்மையிலேயே நடக்கும், ஆனால் கண்ணாடி குவிந்ததாக இருக்க வேண்டும். இன்றைய தட்டைக் கண்ணாடி உதவாது. இரண்டு கண்ணாடிகளும் 5 செ.மீ. வளைவு ஆரம் கொண்டவை என்று வைத்துக்கொண்டால், நடுவில் நீர் நிரப்பிய வில்லையின் குவியத் தூரம் ஏறக்குறைய 7.5 செ.மீ. அங்கே விழும் சூரியப் பிம்பம் வெறும் 0.7 மி.மீ. புள்ளி. விளிம்பைக் களிமண்ணால் அடைக்கிறார்கள். வாளி நீருக்குள் அமிழ்த்தியபடியே இரண்டையும் பொருத்தினால்தான் காற்றுக் குமிழி உள்ளே நிற்காது. நாவலில் காய்ந்த பாசி பற்றிக்கொள்கிறது. வெளிறிய பொருள் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும், ஆகவே கருக்கிய பருத்தித் துணி இன்னும் நல்லது. வீட்டில் செய்துபார்க்க உருண்டையான கண்ணாடிக் குடுவையில் நீர் நிரப்பினாலே போதும். 10 செ.மீ. விட்டமுள்ள குடுவைக்கு, கண்ணாடியிலிருந்து சுமார் 5 செ.மீ. தள்ளி ஒளி குவியும். நீங்கள் பக்கத்தில் இருங்கள். முடிந்ததும் குடுவையை வெயிலில் விட்டுவிடாதீர்கள், தானாகவே எதையாவது பற்றவைத்துவிடும்.

தீயே வேண்டாம் என்றால் செங்குத்துப் பாறையின் உயரத்தை ஸ்மித் அளக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழாம் வகுப்புக்கு அதுதான் பொருத்தம். 12 அடிக் கம்பு, 2 அடி மணலுக்குள், 10 அடி வெளியே. தரையில் படுத்துக் கம்பின் நுனியும் பாறையின் உச்சியும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில் முளை அடிக்கிறார். முளையிலிருந்து கம்பு 15 அடி, பாறையடி 500 அடி. 15க்கு 10 என்றால் 500க்கு 333 அடி சொச்சம். பள்ளிக் கட்டடத்தை மகள் இப்படி அளக்கட்டும். கம்பு சாயாமல் நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும், இடையிலுள்ள தரை சமமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் பிசகுவது கண்ணில்தான்: நாவலின் கணக்கில் கண் தரையிலிருந்து 4 அங்குலம் உயர்ந்திருந்தாலே பாறை ஏறக்குறைய 323 அடியாகிவிடும், 10 அடிக்கு மேல் பிழை. படுக்கும் இடத்தில் முகம் பதிய ஒரு சிறு குழி தோண்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.