நீட் கைவிட்டுப் போச்சு, பட்டாளத்துல நர்சிங் அசிஸ்டென்ட்டா போலாமா?

கேட்டிருக்கறது கோபி பக்கத்துத் தம்பி. பிளஸ் டூ பயாலஜி முடிச்சாச்சு, நீட்ல மார்க் வரலை, ராணுவத்துல மருத்துவப் பிரிவுக்குப் போக ஆசை, வீட்ல வேண்டாங்கறாங்க.

போலாமுங்க தம்பி. உங்க வீட்ல என்ன பேச்சு ஓடும்னு எனக்குத் தெரியும். அம்மா ரெண்டு நாளா சரியாச் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. மாமா ஒருத்தர் "பட்டாளத்துக்காரனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்"னு கேட்டிருப்பாரு. 2001-ல எங்க வீட்லயும் இதே பேச்சுத்தான். பல்லடம் பக்கம் எங்களுக்கு எட்டுத் தறி. "இருக்கற தறியை ஓட்டுனா ஆகாதா"ன்னாரு எங்கப்பா. கேக்காம ஈரோட்டுல ராப்திசாகர் ரயில் ஏறி, மருத்துவப் பிரிவுப் பயிற்சிக்கு லக்னோ போய்ச் சேர்ந்தேன். பதினேழு வருஷம் இருந்துட்டு பென்ஷனோட வந்துட்டேன்.

விவரத்தை முதல்ல சொல்லிடறேன். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருக்கோணும். மொத்தத்துல 50 சதவீதம், ஒவ்வொரு பாடத்துலயும் 40. எங்க காலத்துல ஓட்டம் முதல்ல, பரீட்சை பொறவு. 2023-ல இருந்து முதல்ல கம்ப்யூட்டர்ல பரீட்சை, அதுல தேறுனாத்தான் 1.6 கிலோமீட்டர் ஓட்டம். நம்ம ஈரோடு மாவட்டத்துக்குக் கோயமுத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகம். சேர்றது சிப்பாயாத்தான், அடிப்படைச் சம்பளம் 21,700, அதோட ராணுவப் பணிப்படி 5,200, பொறவு போற இடத்தைப் பொறுத்துப் படி. பென்ஷனுக்குப் பதினஞ்சு வருஷம். துப்பாக்கி புடிக்கோணுமான்னா, புடிக்கோணும். ஜெனீவா ஒப்பந்தத்துலயே மருத்துவ ஆள் தன்னையும் நோயாளியையும் காப்பாத்த ஆயுதம் வெச்சுக்கலாம்னு இருக்கு. ஆங்கிலத்தைவிட இந்திதான் உங்களைப் படுத்தும். மூணு மாசம் உஸ்தாத், அதாவது பயிற்சி குடுக்கறவர், திட்டறது எதுவும் புரியாது. அதுவும் ஒரு வகைல நல்லதுங்க.

இனி வேலை. சினிமாவுல காட்டற மாதிரி குண்டு பாயறப்ப கட்டுப் போடறதுன்னு நெனைச்சுப் போகாதீங்க. எம்.ஐ. ரூம்ல, அதாவது யூனிட்டோட சின்ன மருத்துவ அறையில, உக்காந்து கால் கொப்புளம், வயித்துப்போக்கு, தடுப்பூசி, பிரஷர், ரெஜிஸ்டர். பெரும்பாலும் இவ்வளவுதான். "இதுல என்னய்யா வீரம்"னு கமெண்ட் போட யாராச்சும் வருவீங்க, வாங்க. ஆனா கீழ இருக்கறத முழுசாப் படிச்சுட்டு வாங்க.

லடாக் பக்கம் மலை மேல ஒரு காவல் போஸ்ட். பேரைச் சொல்ல மாட்டேன், பதினஞ்சாயிரம் அடிக்கு மேல. டாக்டர் கீழ பட்டாலியன்ல, மேல நான் ஒருத்தன்தான். பசங்க என்னையே "டாக்டர் சாப்"ம்பானுங்க. அங்க யாரும் நேரா ஏற முடியாது. ஒன்பதாயிரம் அடியில ஆறு நாள், பன்னெண்டாயிரத்துல நாலு நாள், பதினஞ்சாயிரத்துல நாலு நாள்னு உடம்பைப் பழக்கித்தான் விடுவாங்க. அப்படிப் பழகியும் சிலபேருக்கு நுரையீரல்ல தண்ணி கட்டிக்கும்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பையன் ஒருத்தன், தேருக்கு லீவுல போயிட்டு முறைப்படி பழகி மேல வந்து மூணாவது நாள். ராத்திரி வறட்டு இருமல். "சளிங்ண்ணா, டீ குடிச்சா போயிரும்"ன்னான். வேற எவனாச்சும் இருமியிருந்தா ஸ்டெத்தை எடுத்திருப்பேன். இவன் "ங்ண்ணா"ன்னு கூப்பிட்டங்காட்டி உக்காந்து தேர்க் கதை கேட்டேன். இஞ்சி தட்டிப் போட்டு டீ வேற வெச்சுக் குடுத்தேன். பட்டாளத்தான் எவனும் தனக்கு முடியலைன்னு ஒத்துக்க மாட்டான், கீழ அனுப்பிருவாங்களோன்னு மறைப்பான். இதெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்ததுதான்.

மூணு மணிக்கு அவன் கூட்டாளி வந்து எழுப்புறான். போய்ப் பாத்தா படுக்க முடியாம உக்காந்திருக்கான். உதடு நீலம். துப்புனது இளஞ்சிவப்பு நுரை. முதுகுல ஸ்டெத் வெச்சா ரெண்டு பக்கமும் நொறுநொறுன்னு சத்தம். எங்கப்பா எட்டுத் தறியும் ஓடறப்ப எந்தத் தறியில நூல் அறுந்ததுன்னு வாசல்ல இருந்தே சொல்லுவாரு. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தும் காதைக் குடுக்கலை.

ஆக்சிஜன் போட்டு, நிஃபெடிபின் மாத்திரை குடுத்து, காத்தடைக்கற பைக்குள்ள அவனைப் படுக்க வெச்சோம். உள்ள அழுத்தம் ஏறுனா அவனைச் சில ஆயிரம் அடி கீழ எறக்குன மாதிரி. பம்பைக் காலால மிதிச்சுக்கிட்டே இருக்கோணும், நிறுத்தக் கூடாது. அந்த உயரத்துல மிதிக்கறவனுக்கே மூச்சு வாங்கும். ஆள் மாத்தி ஆள் மிதிச்சோம். மேகம் விலகி ஹெலிகாப்டர் வர்றப்ப மணி பத்து.

பொழைச்சுட்டான். டாக்டர் கம்பியில்லாத் தந்தியில ஒரே கேள்விதான் கேட்டாரு: "ராத்திரி ஸ்டெத் வெச்சியா?" இல்லைன்னேன். அடுத்த ஒரு மாசம் போஸ்ட்ல இருக்கற ஒவ்வொருத்தன் மூச்சையும் தினம் ராத்திரி முழுசா ஒரு நிமிஷம் எண்ணி அவருக்குச் சொல்லச் சொன்னாரு. இன்னைக்கும் பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் தூங்குனா நான் எண்ணிக்கிட்டு வர்றேனுங்க.

அதனால உங்களுக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வருமாங்கறது பெரிய விஷயமே இல்லை, பழகிரும். "ஒண்ணுமில்லை"ன்னு எதிர்ல இருக்கறவன் சொல்றப்ப அவன் மூஞ்சியப் பாத்து, நம்பாம இருக்க முடியுமான்னு யோசிங்க. முடியாதுன்னா வேற பிரிவுக்குப் போங்க, தப்பில்லை.

இன்னொண்ணும் சொல்லோணும், கசப்பானது. வெளிய வந்து திருப்பூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில வேலை கேட்டேன். நர்சிங் கவுன்சில் பதிவு இருக்கான்னாங்க. இல்லை. அப்ப வார்டு பாய் வேலை இருக்குன்னாங்க. அவங்க மேல குத்தம் சொல்லலை, சட்டம் அப்படி. ஆனா அங்கயே கத்துக்க வந்த பொண்ணு ஒண்ணு ஊசி போடறப்ப கை நடுங்குச்சு, நான் பாத்துக்கிட்டுச் சும்மா நின்னேன். வெளியில நர்ஸா இருக்கோணும்னா பட்டாளத்துச் சான்றிதழை மட்டும் நம்பாதீங்க, பதிவு கெடைக்கற படிப்பு தனியா வேணும். டி.பார்ம், அதாவது மருந்தாளுநர் டிப்ளமோ, படிச்சா பட்டாளத்துலயே மருந்துப் பிரிவுக்கு சிப்பாய் பார்மா வழியும் இருக்கு. அக்கா தங்கச்சிக யாராச்சும் கேட்டா, பி.எஸ்சி. நர்சிங் வழியா ராணுவ நர்சிங் சர்வீஸ்ல அதிகாரியாவே சேரலாம்னு சொல்லுங்க.

ஊருக்கு வந்தா யாரும் இதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. "கேன்டீன்ல ரெண்டு பாட்டில் வாங்கித் தர்றியா"ன்னு கேக்கறதுக்கு மட்டும் வருவாங்க. சொந்த மச்சான், கல்யாணத்துக்கு வராதவன், தீபாவளிக்கு முந்தின நாள் வாசல்ல நிக்கறான். எனக்குக் குடிப்பழக்கமே இல்லைன்னா "அதனாலதான கேக்கறோம்"ங்கறான்.

சரி, உங்க விஷயத்துக்கு வர்றேன். தடப்பள்ளி வாய்க்கால் மேடு பக்கத்துலதான இருக்கும், நாளைக்கே ஓட ஆரம்பிங்க. அம்மாகிட்ட நான் பேசோணும்னாலும் பேசறேன். வேற சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. பாட்டில் மட்டும் கேக்காதீங்க.