வேலையை விட்டுவிட்டு கிட்டார் செய்ய வரலாமா?

கேள்வி: கோவையில் ஒரு மரச்சாமான் பட்டறையில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில் இரண்டு கிட்டார் செய்தேன். இரண்டாவது நன்றாகவே ஒலிக்கிறது. இப்போது ஒரு மாண்டலினுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதையே செய்யலாமா?

பதில்: அந்த இரண்டாவது கிட்டார் ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் பார்த்துவிட்டதா? அதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

மேசை செய்பவருக்கு மரத்தின் அசைவு தெரியும், ஆனால் மேசை அதைப் பொறுத்துக்கொள்ளும். கிட்டாரின் முகப்பலகை மூன்று மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். ஈரம் ஏறினால் மரம் நார்ப்போக்கில் அநேகமாக நீளாது, குறுக்கேதான் ஊதும். அந்தப் பலகைக்கு அடியில் குறுக்காகத் தாங்குகட்டைகளை ஒட்டுகிறோம். நவம்பர் மழையில் பலகை ஊதியிருக்கும்போது ஒட்டினால், மார்ச் வறட்சியில் பலகை சுருங்கப் பார்க்கும், கட்டைகள் விடாது. பலகை பிளந்துவிடும். நல்ல வறண்ட நாளில் ஒட்டியிருந்தால் மழைக்காலத்தில் வயிறு கொஞ்சம் உப்பும், தந்தி உயரும். அது தொல்லைதான், ஆனாலும் சரிசெய்துவிடலாம்.

அதனால் இயந்திரம் வாங்குவதற்கு முன் ஒரு சின்ன அறையை அடைத்து, ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதத்தில் நிற்கும்படி ஏசி வையுங்கள். ஒட்டும் வேலையெல்லாம் அங்கேதான். ஈரப்பதமானி வாங்கினாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். ஸ்ப்ரூஸில், அதாவது முகப்பலகைக்குப் போடும் மென்மரத்தில், ஒரு சன்னப் பட்டையை நார்ப்போக்கிலும் இன்னொன்றைக் குறுக்காகவும் சீவி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, ஒரு முனையை மட்டும் பிடித்துச் சுவரில் மாட்டுங்கள். ஈரம் ஏறினால் ஒரு பக்கம் வளையும், இறங்கினால் மறுபக்கம். என் பட்டறையில் அதைப் பார்க்காமல் நான் பசையைத் தொடுவதில்லை.

சரி, வருமானத்துக்கு வருவோம். தனியாகத் தொழில் செய்பவருக்கு மாதாமாதம் சோறு போடுவது ரிப்பேர்தான். தேய்ந்த ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), தூக்கிக்கொண்ட பிரிட்ஜ் (முகப்பில் தந்தியைத் தாங்கும் கட்டை), வளைந்த கழுத்து. இதைக் குறைவாக நினைக்காதீர்கள். நூறு கிட்டார்களின் வயிற்றுக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தவருக்குத்தான் எங்கே மரத்தைக் குறைக்கலாம், எங்கே கூடாது என்பது தெரியும். இப்போதைக்குச் சம்பளத்தை விடாமல் மாலையில் ரிப்பேர் ஆரம்பியுங்கள். அந்த வருமானம் மட்டுமே ஆறு மாதம் தொடர்ந்து பட்டறை வாடகையையும் வீட்டுச் செலவில் பாதியையும் கட்டினால், அப்போது முதலாளியிடம் பேசுங்கள்.

விலை சொல்லும்போது எல்லோரும் மரக்காசைக் கணக்குப் போட்டு, நேரத்தை மறந்துவிடுகிறார்கள். மாதம் 200 மணி நேரம் உழைத்தால், உளி தீட்டுவது, சாமான் வாங்க அலைவது, போனில் பேசுவது என்று 60 மணி போய்விடும். வீட்டுக்கும் வாடகைக்கும் 42,000 ரூபாய் வேண்டுமென்றால், மீதி 140 மணியில்தான் அது வர வேண்டும். மணிக்கு 300. ஒரு கிட்டாருக்கு 120 மணி ஆகுமானால் கூலி மட்டும் 36,000. மரம், தந்தியை முறுக்கும் சாவிகள், தந்தி தனி. முன்பணத்தை வேறு கணக்கில் வையுங்கள். முதல் வருடம் நான் அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டேன். அப்புறம் மரம் வாங்கக் கடன் வாங்கி, கையில் காசே வராமல் நான்கு மாதம் உழைத்தேன்.

கிட்டாரின் முதுகுக்கு உலகமே தேடும் ஈட்டி மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. அதற்காகக் கேட்காமல் கிடைப்பதை வாங்கிவிடாதீர்கள். 2017 ஜனவரி முதல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது, மரத்துக்கு வரவில்லை. ரசீது இல்லாத ஈட்டி வேண்டாம். அதன் தூள் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஆகாது, மாஸ்க் இல்லாமல் இழைக்கவே கூடாது.

இனி அந்த மாண்டலின். வாசிக்கப்போவது கர்நாடக இசையா என்று கேளுங்கள். யு. ஸ்ரீநிவாஸ் வழியில் வருபவர்கள் இரட்டைத் தந்தியைக் கேட்கமாட்டார்கள். ஐந்து ஒற்றைத் தந்தி, மின் மாண்டலின் என்பார்கள். அதை உள்ளே குடையாத கட்டை உடம்பில் செய்தால் ஈரத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், முதல் மாண்டலினுக்கு அதுவே நல்லது. எட்டுத் தந்தி, முகப்பைக் குடைந்து செய்வது என்றால் கிட்டாரைவிட அதிக நாள் கேளுங்கள்.

எதுவானாலும் ஃப்ரெட்டில் கவனம். கிட்டாரில் தந்தியின் நீளம் சுமார் 648 மில்லிமீட்டர், மாண்டலினில் 352தான். அதே அரை மில்லிமீட்டர் பிசகு இங்கே ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காதில் விழும். 352-ஐ, ஃப்ரெட் கணக்குக்கென்றே உள்ள 17.817 என்ற எண்ணால் வகுத்தால் முதல் ஃப்ரெட்டுக்கு 19.76 வரும். மற்ற ஃப்ரெட்களையும் கணக்கிட்டு, முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளக்காமல், ஒவ்வொன்றையும் தலைப்பக்க நட்டிலிருந்தே (கழுத்தின் மேல்முனையில் தந்தி தங்கும் சிறு கட்டை) அளந்து கோடு போடுங்கள்.